உபயம் கொடுத்தவர் பெயர் இருக்கு, கழுவுறவர் பெயர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் இந்த விஷயம் வருது. அங்கே ஆளாளுக்கு மைக் பிடிச்சால் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேச விடமாட்டாங்க. அதனால் முன்னாடியே எழுதி வைக்கிறேன். இது நிர்வாகத்தின் கருத்து இல்லை. அன்னதானம் முடிஞ்ச பிறகு மண்டபத் தரை கழுவுற தொண்டர்களில் ஒருத்தன் எழுதுறது.

நம் ஆலயத்துப் பின்கட்டில் ரெண்டு மழைத் தண்ணீர் தொட்டி இருக்கு, ஒவ்வொண்ணும் 1,000 லிட்டர். 2020 நீர்த் தடைக்குப் பிறகு ரெண்டு குடும்பத்தார் மனமுவந்து உபயமாகக் கொடுத்தது. சிவப்பு பெயிண்டில் பெயர் எழுதியிருக்கும், எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரெண்டு மாதத்துக்கு முன்னாடி சுகாதார அதிகாரிகள் நம்ம தாமானைச் சோதிக்க வந்தப்போ ஆலயத்துக்குள்ளேயும் வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. ஒரு தொட்டியில் தண்ணீர் வழியுற பைப்பு வாயில் கட்டியிருந்த வலை கிழிஞ்சு தொங்குது. உள்ளே கொசுப் புழு நெளியுது. கம்பவுண்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. அவங்க வேலையை அவங்க செஞ்சாங்க, அதில் குறை சொல்ல ஒண்ணுமில்லை.

அதிலிருந்து ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "தூக்கிப் போடுங்க, நமக்கு எதுக்கு வம்பு" என்கிறாங்க. இன்னொரு கட்சி, "உபயமாக வந்த பொருளைத் தூக்கினால் கொடுத்தவங்க மனசு கஷ்டப்படும்" என்கிறாங்க. தொட்டியை யார் கழுவுறதுன்னு ரெண்டு கட்சியிலும் ஒருத்தர்கூடக் கேட்கலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். பொறுப்புக்கு ஆள் பெயர் எழுதினால் தொட்டி இருக்கட்டும். எழுத ஆள் இல்லைன்னா தொட்டி வேண்டாம். உபயம் யாருடையதாக இருந்தாலும் சரி.

வேண்டாம்னு சொல்றது எனக்கு லேசான விஷயம் இல்லை. 1998-ல் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தவங்களுக்குத் தெரியும். கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த அதே வருஷம்தான் மாதக்கணக்கில் தண்ணீர் பங்கீடு. எல் நினோ வறட்சியில் அணை வற்றிப்போச்சு. அதுக்கு அடுத்த வருஷமே, 1999-ல், வீட்டுவசதி ஊராட்சி அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. 2014-ல் மறுபடியும் பங்கீடு, ரெண்டு நாள் தண்ணீர் வரும், ரெண்டு நாள் வராது. அப்புறம் 2020 செப்டம்பர் 3. ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் யாரோ கழிவைக் கொட்டி நாற்றம் வந்து, நாலு சுத்திகரிப்பு நிலையத்தை மூடினாங்க. கிட்டத்தட்ட 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. கோவிட் நேரம், கையைக் கழுவு கையைக் கழுவுன்னு டிவியில் சொல்றான், குழாயைத் திறந்தால் காற்றுதான் வருது. எங்க சாலாக் செலாத்தானில் தண்ணீர் லோரி வரும் நேரம் கேட்டு வாட்சாப் குரூப்பில் அடிதடி மாதிரி ஆச்சு. அந்த வாரம் ஆலயக் கழிவறைக்கு ஊத்தினது முழுக்க மழைத் தண்ணீர்தான். அப்போ நம்மகிட்ட தொட்டிகூட இல்லை, கூரைக்குக் கீழே வாளி வெச்சுப் பிடிச்சோம்.

அதனால் தேவை இருக்கு. மழைக்கும் நம்ம ஊரில் குறைச்சல் இல்லை. கோலாலம்பூரில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். கணக்கு ரொம்ப சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். டெரஸ் வீட்டில் பின்பக்கம் சமையலறைக் கூரை மட்டும் 20 அடிக்கு 10 அடின்னு வைங்க, அது 18 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சாயங்காலம் இடியோடு வரும் 40 மில்லிமீட்டர் மழை ஒண்ணுக்கு 700 லிட்டருக்கு மேல் வந்து விழும். நம்ம வீடுகளில் இருக்கிற நீல டிரம் 200 லிட்டர்தான். அரை மணி நேரத்தில் நிறைஞ்சு வழிஞ்சுடும். தண்ணீர் பிடிக்கிறதில் நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பிடிச்ச பிறகு அதைப் பார்த்துக்கிறதுதான் கஷ்டம்.

தண்ணீர் பில் குறையும்னு யாரும் இதைச் செய்யாதீங்க. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் முதல் 20 கன மீட்டர் வரை 1,000 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு வீட்டுக்காரர் கட்டுறது ஒரு வெள்ளிக்கும் குறைவு. தொட்டி வாங்கின காசு பில்லில் திரும்பி வராது. குழாயில் வராத அந்த மூணு நாலு நாளைக்காகத்தான் இது.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். 30 வருஷத்துக்கு மேல் மிஷின்களோடு இருக்கேன். எங்க லைனில் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு அட்டை தொங்கும். எண்ணெய் எப்போ விட்டது, பெல்ட் எப்போ மாத்தினது, கையெழுத்து யாருடையது, எல்லாம் அதில் இருக்கும். புது மிஷின் வாங்கும்போது பெரிய முதலாளி வந்து ரிப்பன் வெட்டி போட்டோ எடுப்பார். அந்த மிஷின் பத்து வருஷம் ஓடுறது அட்டையில் கையெழுத்து போடுற பையனால். அட்டை இல்லாத மிஷின் ஒரு வருஷத்தில் மூலைக்குப் போயிடும். நம்ம ரெண்டு தொட்டியிலும் உபயகாரர் பெயர் இருக்கு, அட்டை இல்லை. மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தொட்டி வந்த அன்னைக்கு மாலை மரியாதை செஞ்சது எழுதியிருக்கு. பொறுப்பாளர்னு ஒரு பெயரும் இல்லை.

இப்போ கொசுவைப் பத்திச் சொல்லணும். இதில்தான் நிறைய பேருக்குத் தவறான எண்ணம் இருக்கு.

ஏடிஸ் கொசு தண்ணீர் மேல் முட்டை போடுறதுன்னு நினைக்கிறோம். அது தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில் ஒட்ட வைக்குது. தண்ணீரை முழுக்கக் கவுத்துக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ஞ்சு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிச்சிடும். முட்டையிலிருந்து பறக்கிற கொசு ஆக நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனால் "நான் டிரம்மைக் காலி பண்ணிட்டேன்" என்பது பாதி வேலைதான். பிரஷ் போட்டு உள்சுவரைச் சுத்தி உரசணும். வாரத்துக்கு ஒரு தடவை. ஏழு நாள் கணக்கு அதுக்குத்தான். பத்து நாளைக்கு ஒரு தடவைன்னு வெச்சால் கொசு நமக்கு முன்னாடி வேலையை முடிச்சிடும்.

பெரிய தொட்டியை வாராவாரம் காலி பண்ண முடியாது. அங்கே கொசு உள்ளே போகாமல் அடைக்கிறதுதான் வழி. மூடி இறுக்கமாக இருக்கணும். தண்ணீர் உள்ளே வரும் வாய், வழியுற வாய், ரெண்டிலும் நுண்ணிய வலை. மூடி போட்டாச்சுன்னு எல்லாரும் நிம்மதியாக இருப்பாங்க, வழியுற பைப்பை யாரும் பார்க்கமாட்டாங்க. நம்ம ஆலயத்தில் கிழிஞ்சதும் அங்கேதான். நைலான் வலை வெயிலில் சில மாதத்தில் நொறுங்கும், தொட்டுப் பார்த்தாலே தெரியும். கொஞ்சம் காசு கூடப் போனாலும் எவர்சில்வர் வலை போடுங்க. கூடவே அபேட் மருந்து. 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு, அதாவது நீல டிரம்முக்கு 20 கிராம். ரெண்டு மூணு மாதம் வேலை செய்யும். சிலர் லொங்காங் மீனைப் பிடிச்சு விடுறாங்க. திறந்த தாமரைத் தொட்டிக்கு அது சரி. இருட்டாக மூடின தொட்டியில் விட்டால் செத்து மிதக்கும், அப்புறம் அந்த நாற்றத்தையும் நாமதான் கழுவணும்.

புகை அடிக்கிற வண்டி வந்தால் எல்லாம் சரியாயிடும்னு ஒரு பெரியவர் சொன்னார். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கிற புழு அப்படியே இருக்கும். 2019-ல் மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கி காய்ச்சல். 182 பேர் இறந்தாங்க. மாநிலக் கணக்கில் சிலாங்கூர்தான் முன்னால் நிக்குது. நம்ம ஆலயத்துக்குச் சனிக்கிழமை தேவார வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க உட்காருவது பின்கட்டுக்கு இந்தப் பக்கம்தான், தொட்டியிலிருந்து பத்தடிகூட இல்லை. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. காலையிலும் சாயங்காலமும்தான் அதுக்குப் பசி அதிகம். வகுப்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதுக்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்து கூரை. மழை விழுற இடம் சுத்தமாக இல்லாமல் தொட்டியை மட்டும் கழுவி என்ன பண்றது? ஆலயக் கூரையில் புறா இருக்கு, காக்கா இருக்கு, பக்கத்து மரத்து இலை இருக்கு. கூரை ஓரத்தில் ஓடும் கட்டரில் இலை அடைச்சால் அங்கேயே தண்ணீர் நிக்கும். கீழே இருந்து பார்த்தால் தெரியாது. மாதம் ஒரு தடவை ஏணி வெச்சுப் பார்க்கணும். மழைக் காலமான ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பரில் ரெண்டு தடவை. 60 வயசுக்கு மேல் இருக்கிறவங்க தயவு செஞ்சு ஏணி ஏறாதீங்க. இளைஞர் பிரிவு எதுக்கு இருக்கு, திருவிழாவில் டிரோன் விடுறதுக்கு மட்டுமா?

முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. கூரையில் இருக்கிற எச்சம், தூசி, எலி மூத்திரம் எல்லாத்தையும் அதுதான் கழுவிக்கிட்டு வரும். பைப்பு தொட்டிக்குத் திரும்புற இடத்துக்கு முன்னாடி ஒரு டி வெச்சு, 4 அங்குல பிவிசி பைப்பை நேராகக் கீழே இறக்கி, அடியில் மூடி போடணும். அந்தப் பைப்பு மீட்டருக்கு 8 லிட்டர் பிடிக்கும். ரெண்டு மீட்டர் இறக்கினால் முதல் 16 லிட்டர் அழுக்கு அங்கே தங்கிடும், அதுக்கு மேல் வர்றதுதான் தொட்டிக்குப் போகும். வீட்டுச் சின்னக் கூரைக்கு அது போதும், ஆலயக் கூரைக்கு இதைவிடப் பெரிசாக வேணும். அடி மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தேங்கின அழுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காலியாக. அந்த ஓட்டையில் சேறு அடைச்சால் அந்தப் பைப்பே கொசுத் தொட்டிலாகிடும். சுத்தம் பண்ண வெச்ச சாமான்தான் முதலில் கெடுது. தொழிற்சாலையிலும் இதே கதைதான், ஃபில்டரை யாரும் கழுவமாட்டான். பெரிய மழைக்குப் பிறகு மூடியைத் திருகித் திறந்து விட்டால் ரெண்டு நிமிஷ வேலை.

இந்தத் தண்ணீரை எதுக்கு விடலாம், எதுக்கு விடக்கூடாது? இதில் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். "மழை ஆகாச கங்கை, அபிஷேகத்துக்கே எடுக்கலாம், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கு" என்று ஒரு ஆண்டி வாதாடினாங்க. அவங்க பக்தியை மதிக்கிறேன். ஆனா ஆகாசத்திலிருந்து நேராகத் தொட்டிக்கு வரலையே, நடுவில் புறா எச்சம் இருக்கிற கூரை மேல் ஓடித்தானே வருது? அபிஷேகத் தீர்த்தத்தை நாம கையில் வாங்கிக் குடிக்கிறோம், குழந்தைக்கும் கொடுக்கிறோம். எலிக் காய்ச்சல் வேற இருக்கு. அதனால் அபிஷேகம், அன்னதானச் சமையல், பாத்திரத்தைக் கடைசியா அலசுறது, இதுக்கெல்லாம் வேண்டாம். தரை கழுவ, கழிவறைக்கு ஊத்த, வில்வ மரத்துக்கும் துளசிக்கும் விட, திருவிழாவில் வாசல் தெருவை நனைக்க, இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம். அன்னதான நாளில் மண்டபத்தையும் கழிவறையையும் கழுவ மட்டுமே நாலு ஐந்து நூறு லிட்டர் போகுது. குழாயில் "குடிக்கக் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டணும். பிள்ளைங்க விளையாடிட்டு வந்து நேராகக் குழாயில் வாயை வைக்குதுங்க.

இன்னொண்ணு. தண்ணீரைச் சேர்த்து வெச்சு நீர்த் தடைக்காகக் காத்திருக்கக்கூடாது. தினமும் எடுக்கணும், மழை மறுபடியும் நிரப்பட்டும். ஓடுற தண்ணீர் கெடாது. மழை குறையுற ஜூன் ஜூலையில்தான் தொட்டித் தண்ணீர் அசையாமல் கிடக்கும், நம்ம ஆடித் திருவிழா வேலையும் அப்போதான், யாரும் பின்கட்டுப் பக்கம் போகமாட்டாங்க.

சென்னையைப் பாருங்க. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு தமிழ்நாட்டில் சட்டம் போட்டாங்க. குழி வெட்டினாங்க, பைப்பு விட்டாங்க, அடுத்த சில வருஷத்தில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறுச்சு. நல்ல சட்டம், நல்ல பலன். அப்புறம் குழியில் மண் அடைச்சதை எடுக்கப் பல வீட்டில் ஆள் இல்லை, பைப்பு உடைஞ்சதை மாத்தவும் ஆள் இல்லை. 2019-ல் மழை பொய்ச்சப்போ பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காய்ஞ்சு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டு வந்தாங்க. வறட்சிக்கு மழை இல்லாததுதான் முதல் காரணம், அதை மறைக்கக்கூடாது. ஆனா குழிகள் உயிரோடு இருந்திருந்தால் கிணறுகளில் கொஞ்சமாவது மிச்சம் இருந்திருக்கும்.

"கோயிலுக்கு எதுக்கு இந்த பிளம்பர் வேலை" என்று கேட்கிறவங்களுக்கு ஒண்ணு. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, கி.பி. 919, 921. குடவோலை முறைன்னு பள்ளியில் படிச்சிருப்பீங்க. தேர்தலைப் பத்தி மட்டும்தான் நாம பெருமையாகப் பேசுவோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒண்ணு ஏரி வாரியம். ஆறு பேர், ஒரு வருஷப் பொறுப்பு. ஏரியைப் பார்த்துக்கிறதுதான் வேலை. முந்தி பொறுப்பில் இருந்து கணக்கு காட்டாதவன் மறுபடியும் நிக்க முடியாது, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரனும் நிக்க முடியாது. நிலம் இருக்கணும், சாஸ்திரம் தெரியணும்னு வேற நிபந்தனைகள் உண்டு, அந்தக் கணக்குப்படி என்னை மாதிரி ஆள் பக்கத்திலேயே போக முடியாது, அது வேற பேச்சு. நான் சொல்ல வர்றது, தண்ணீரைப் பார்த்துக்கிற பொறுப்பை எப்படிக் கொடுக்கணும்னு கோயில் சுவரில் கல்லில் வெட்டி வெச்சிருக்காங்க. ஏரியில் மண் எடுக்கவே பொன் எழுதி வெச்ச கல்வெட்டுகளும் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. ஏரி வெட்டினதும் தர்மம், தூர் எடுத்ததும் தர்மம். நாமதான் முதல் தர்மத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கிறோம்.

வீட்டில் டிரம் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதேதான். 2014-லும் 2020-லும் வாங்கின நீல டிரம் எத்தனை வீட்டுப் பின்பக்கத்தில் மூடி இல்லாமல் கிடக்குன்னு நம்ம தாமானில் நடந்து பார்த்தாலே தெரியும். சிலதில் பழைய துணியும் தேங்காய் மட்டையும் போட்டு வெச்சிருக்கு, அதுக்கு நடுவில் தண்ணீர். வாரம் ஒரு நாள் பதினைந்து நிமிஷம் ஒதுக்க முடியும்னா வெச்சிருங்க. முடியாதுன்னா கவுத்துப் போட்டுடுங்க, அடியில் ஓட்டை போட்டு வாழைக் கன்று வைங்க. பிளாட்டில் இருக்கிறவங்க நீர்த் தடைக்குப் பிடிச்ச வாளித் தண்ணீரைத் தடை முடிஞ்சதும் ஊத்திட்டு வாளியை உரசிக் கவுத்து வைங்க.

இனி கூட்டத்துக்கு நான் கொண்டு வர்ற தீர்மானம். எட்டு பேர் வேணும். ரெண்டு ரெண்டு பேராக நாலு ஜோடி, ஆளுக்கு மாதம் ஒரு வாரம்தான் வரும். ஒவ்வொரு தொட்டியிலும் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை தொங்கும். மூடி, ரெண்டு வலை, முதல் மழைப் பைப்பு, கட்டர், மருந்து போட்ட தேதி, கையெழுத்து. வருஷம் ஒரு தடவை, ஆடிக்கு முன்னாடி, தொட்டியை முழுக்க இறக்கி அடிச் சேற்றை எடுத்துக் கழுவுறதுக்கு ஒரு கோத்தோங் ரோயோங். அன்னைக்குச் சாப்பாட்டை உபயமாகக் கொடுக்க ஒரு குடும்பம் முன்வந்தால் அந்த உபயத்தையும் அறிவிப்புப் பலகையில் எழுதணும், தொட்டி கொடுத்த உபயத்துக்குச் சமமான எழுத்தில். கழுவுற எட்டுப் பேர் பெயரும் பக்கத்தில் வரணும்.

அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் ஒரு நோட்டு வெச்சிருக்கேன். இதுவரை மூணு பெயர், அதில் ஒண்ணு என்னுது, இன்னொண்ணு மகளிர் பிரிவிலிருந்து வந்திருக்கு. இன்னும் ஐந்து வேணும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்குற பத்து மணிக்குள் எட்டு வரலைன்னா தொட்டிகளை எடுத்துடணும்னு நானே கை தூக்குவேன். ஸ்பேனரும் நானே கொண்டு வந்துடுறேன்.